முடிவெடுக்காதோர் துறை

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சின்னவளை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அடுத்து என்ன படிக்கப் போகிறாய்? மாமா கேட்டார், முடி வெட்டுகிற அம்மாள் கேட்டாள், பல் டாக்டர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுக் கேட்டார். மற்றவர்களிடம் தெரியலை என்று சொன்னாள். பல் டாக்டரிடம் மட்டும் சொல்ல வழியில்லை. அவர் அந்த மௌனத்தை மருத்துவப் படிப்பு என்று எடுத்துக்கொண்டு, முதுகில் தட்டி அனுப்பி வைத்தார்.

அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எதையும் வெறுக்கவில்லை, அதுதான் சிக்கல். கணக்கு வந்தது, வரலாறு வந்தது, படம் போடச் சொன்னால் அதுவும் பார்க்கிற மாதிரி வந்தது. எதற்காகவும் ராத்திரி தூக்கம் கெட்டதில்லை. அப்பா தரை ஓடு விற்கும் கடை ஒன்றில் மேற்பார்வையாளர். "ஒண்ணும் தோணலைன்னா நம்ம கடைக்கு வந்துடு, பில் போடு" என்றார். அதைக் கேட்டபோது மட்டும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். விடுமுறைகளில் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். காலை முதல் ஷட்டர் இறக்கும் வரை எதிரே மாதிரி ஓடுகள், ஒவ்வொன்றிலும் அதே பூ. வாழ்க்கையில் வேண்டாம் என்று அவள் உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தப் பூ ஒன்றுதான்.

அக்கா நகரத்தில் வாஷிங் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்தாள். மெஷின் நின்றுபோனால் ஜனங்கள் போனில் கூப்பிட்டுத் திட்டுவார்கள், அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வது அவள் வேலை. அவள்தான் தன் ஒற்றை அறையின் நடுவே ஒரு திரையைக் கட்டி, திரைக்கு அந்தப் பக்கத்தைத் தங்கைக்குக் கொடுத்தாள். பிறகு கையைப் பிடித்து வணிக மேலாண்மைக் கல்லூரிக்கு அழைத்துப் போனாள்.

சேர்க்கை அலுவலர் அவர்களை அன்போடு வரவேற்றார்.

"என்ன படிக்கணும்னு தெரியலையா? ரொம்ப நல்லதும்மா. தெரியாதவங்களுக்குன்னே இருக்கிற படிப்பு இது. டாக்டராகணும்னு தெரிஞ்சவன் டாக்டருக்குப் போயிடறான். பாட்டுப் பாடணும்னு தெரிஞ்சவன் பாட்டுக்குப் போயிடறான். மிச்சம் நிக்கிறவங்களை யாரு அரவணைக்கிறது? நாங்கதான். பிசினஸ் எடுத்தா எல்லாக் கதவும் திறக்கும்."

"நீங்களும் பிசினஸ்தான் படிச்சீங்களா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"பின்னே! எனக்கும் அன்னைக்கு ஒண்ணும் தெரியலை. இதை எடுத்தேன். பாருங்க, இப்போ எங்கே உக்காந்திருக்கேன்னு."

அவர் கையை விரித்துக் காட்டினார். சகோதரிகள் இருவரும் மரியாதைக்காகச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு மேஜை, சுவரைப் பார்த்த ஜன்னல், காலை ஆட்டினால் சத்தம் போடும் நாற்காலி. சின்னவள் சேர்ந்துவிட்டாள்.

முதல் வருஷம் எல்லோரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்தார்கள். சின்னவள் நிம்மதியாக இருந்தாள். என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் பிசினஸ் என்று சொல்லலாம். கேட்டவர் மேலே கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டாம் வருஷம் தொடங்கியதும் ஓர் அறிவிப்பு வந்தது. ஒவ்வொருவரும் ஒரு சிறப்புத் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் சீட்டு ரத்து. அந்தக் கேள்வி எங்கேயும் தொலைந்து போகவில்லை, உள்ளே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கழுத்தில் நீல அட்டை மாட்டினார்கள். மற்றவர்களுக்கு மஞ்சள். அதில் பெரிய எழுத்தில் 'இன்னும் முடிவெடுக்கவில்லை' என்று அச்சிட்டிருந்தது. மஞ்சள் அட்டைக்காரர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கான வசதி அது. கேன்டீனிலும் அவர்களுக்குத் தனி மேஜை. என்ன வேண்டும் என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல், மற்றவர்கள் சாப்பிட்டு மிஞ்சியதை வைத்துவிட்டுப் போனார்கள். மஞ்சள் அட்டைக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. என்ன குறை சொல்வது என்று அவர்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

வழிகாட்டு மையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்த அம்மாள் பேச்சுக்குப் பேச்சு "தெளிவா?" என்று கேட்பதால் கல்லூரி முழுவதும் அவருக்குத் தெளிவு மேடம் என்று பெயர். அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் ஈரம் கசிந்த இடத்தை மறைத்து ஒரு மலைச் சிகரத்தின் படம் ஒட்டியிருந்தது. சின்னவளை உட்காரவைத்து கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை கொடுத்தார். நீங்கள் பாலமா, ஆறா? உங்களை ஒரு மேஜையாக நினைத்துக்கொண்டால் எந்த இழுப்பறையில் சாவியை வைப்பீர்கள்? இப்படிப் பல கேள்விகள். சின்னவள் ஒவ்வொன்றையும் யோசித்து, உண்மையாகவே பதில் சொன்னாள். முடிவில் திரையில் ஒரு வட்டம் வந்தது.

"என்னம்மா இது, வட்டமா வந்திருக்கு?"

"தெரியலை மேடம்."

"வட்டம் வரக்கூடாது. ஒரு பக்கமாவது மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு வரணும். அந்த மூக்கு எந்தத் துறையைக் காட்டுதோ, அதுதான் உன் துறை. தெளிவா?"

மறுபடி எழுதச் சொன்னார். இந்த முறை வட்டம் இன்னும் உருண்டையாக வந்தது. மேடம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மின்சாரக்காரரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று அவர் சொன்னதும், கோளாறு எங்கே என்பது மேடத்துக்குத் தெளிவாகிவிட்டது.

"என்னையே எடுத்துக்கோம்மா. முதல்ல பேங்க்ல இருந்தேன், பிடிக்கலை. அப்புறம் விமானக் கம்பெனி, அதுவும் பிடிக்கலை. சொந்தமா அழகு நிலையம் வச்சேன், மூடிட்டேன். எதுவுமே ஒத்து வரலை. அப்பத்தான் எனக்குள்ளே ஒரு வெளிச்சம். மத்தவங்களுக்கு எது ஒத்து வரும்னு சொல்ற திறமை எனக்கு இருக்கு! அந்த மாதிரி ஒரு வெளிச்சம் உனக்கும் வரணும். தெளிவா?"

சின்னவள் தலையாட்டினாள். வெளிச்சம் வரும் வரை அவளை ருசி வாரத்துக்கு அனுப்பினார்கள். முடிவெடுக்காதவர்கள் ஒவ்வொரு துறைக்கும் ஒரு நாள் போய் உட்கார்ந்து ருசி பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் பழைய ஏற்பாடு.

முதல் நாள் மார்க்கெட்டிங். அந்தத் துறை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர்ப் பலகை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே பல வருஷமாக விவாதம் நடந்துகொண்டிருப்பதால் வாசலில் பலகை இல்லை. தண்ணீர் கேன் போட வந்தவர் வழி காட்டினார். துறைத் தலைவர் அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். தேடிக்கொண்டு யாராவது வந்து அவ்வளவு நாளாகியிருந்தது.

"சொல்லும்மா, உனக்கு என்ன வேணும்?"

"தெரியலை சார்."

"ஆகா! கடைக்கு வர்றவனைக் கேட்டாலும் இதேதாம்மா பதில். வாடிக்கையாளரோட மனசு உனக்கு அப்படியே வாய்ச்சிருக்கு. நீ எங்க ஆளு!"

மனிதவளத் துறையில் ஓர் அறை, இரண்டு பேராசிரியைகள், நடுவில் அலமாரி. மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்ற விஷயத்தில் முறைத்துக்கொண்டவர்கள், அதன் பிறகு பேசிக்கொள்வதில்லை. ஒருவர் 'கூடி வேலை செய்தல்' நடத்துகிறார், மற்றவர் 'பேசித் தீர்த்தல்' நடத்துகிறார்.

"அந்தம்மாகிட்ட ஃபேனைக் குறைக்கச் சொல்லு."

"குறைக்க முடியாதுன்னு இந்தம்மாகிட்ட சொல்லு."

சின்னவள் நாள் முழுக்க அலமாரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். உனக்கு யார் சொல்வது நியாயமாகப் படுகிறது என்று இருவரும் தனித்தனியே கேட்டார்கள். தெரியலை என்று இருவரிடமும் சொன்னாள். இப்படி ஒருத்தர் மனசையும் நோகடிக்காத பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று இருவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்தார்கள்.

தொழில்முனைவோர் துறைத் தலைவர் பார்த்தவுடனே உற்சாகமாகிவிட்டார். "துணிஞ்சு இறங்கணும்மா! மாசச் சம்பளத்தை நம்பி உக்காந்திருக்கக்கூடாது. வேலையைத் தூக்கி எறியணும்! நானே எறிஞ்சிருப்பேன், பென்ஷன் போயிடும்னு வீட்ல விடலை" என்றார். பேசி முடித்ததும் தன் வருகையைப் பதிவு செய்ய அவசரமாகக் கிளம்பிப் போனார். இடர் மேலாண்மைத் துறையில் கதவையே திறக்கவில்லை.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ருசி வாரத்துக்கு வந்திருக்கேன் சார்."

"அட்டை என்ன நிறம்?"

"மஞ்சள் சார்."

"மஞ்சளா? அடுத்து என்ன செய்வேன்னு உனக்கே தெரியாதே, எங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கேயே உக்காரும்மா."

மாலை வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும் நேரத்தில் கதவின் அடியில் ஒரு காகிதம் நழுவி வந்தது. எங்கள் துறைக்கு மிகவும் பொருத்தமானவர் என்று அதில் எழுதியிருந்தது. மாணவர் குறைந்தால் துறையை மூடிவிடுவார்கள் என்பதால், தெரியலை என்று சொல்லும் ஒரு பெண்ணை விட்டுவிட யாருக்கும் மனமில்லை. சின்னவளுக்கு இதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. சோப்புப் போட்ட கையால் எதையோ தொடுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அக்கா தினமும் "ஏதாவது பிடிச்சிதா?" என்று கேட்டாள். இவள் தினமும் "பரவாயில்லை" என்றாள்.

கடைசியாக ஆபரேஷன்ஸ். எந்த வேலையும் முட்டாமல் மோதாமல் நடக்க வழி செய்வது எப்படி என்று சொல்லித்தரும் துறை. அதன் வாசலில் ஒரு வரிசை நின்றது. கல்லூரியில் யார் எந்தத் தாளுக்கு முத்திரை வாங்க வேண்டுமானாலும் அங்கேதான் வரவேண்டும். வரிசை வாசலில் தொடங்கி, நடை முழுக்க நீண்டு, படிக்கட்டருகே திரும்பி, தண்ணீர் பிடிக்க நின்றவர்களின் வரிசையோடு பின்னிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு வந்தவர்கள் சிலர் முத்திரை வாங்கிக்கொண்டு தாகத்தோடு திரும்பினார்கள்.

சின்னவளுக்கு ஒரு மூலையில் ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்து பார்த்தாள். உதவியாளர் தாளை வாசலில் வாங்குகிறார். முத்திரைக் கட்டையை எடுக்க அலமாரிக்குப் போகிறார். மை இருப்பது ஜன்னலோர மேஜையில். அங்கே போய் மை தொட்டு, நடு மேஜைக்கு வந்து குத்தி, கட்டையை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தாளைக் கொடுக்க வாசலுக்கு வருகிறார். வாங்கியவர் உள்ளே வருபவர்களை இடித்துக்கொண்டு வெளியேறுகிறார். அந்த வாசலுக்கு இரட்டைக் கதவு. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. மறுபக்கத்தின் தாழ்ப்பாளில் துரு ஏறியிருந்தது.

மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தானே எதிர்பாராமல், எழுந்து போனாள்.

"அண்ணே, இந்த மேஜையைக் கொஞ்சம் வாசல் பக்கம் தள்ளிக்கலாமா?"

"தள்ளலாமே. எதுக்கு?"

"மையும் கட்டையும் இதுமேலயே இருந்தா நீங்க நடக்க வேண்டாம்."

உதவியாளர் ஒரு நிமிஷம் அலமாரியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். இருவரும் மேஜையைத் தள்ளினார்கள். சின்னவள் தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டி மேலே தூக்கினாள். மறுபக்கக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. ஒரு பக்கம் வந்தார்கள், முத்திரை வாங்கினார்கள், மறுபக்கம் போனார்கள். இடிக்கவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் நடை காலியாகி, தரை தெரிந்தது. அந்தத் தரையில் கோலிக்குண்டு அளவு வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

அவள் விரலெல்லாம் துரு. காலியான நடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. அவளுக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

சத்தம் அடங்கிப்போனதை உணர்ந்து துறைத் தலைவர் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார்.

"வரிசை எங்கே?"

"முடிஞ்சிடுச்சு சார்" என்றார் உதவியாளர்.

"முடிஞ்சிடுச்சா? யாரைக் கேட்டு முடிச்சீங்க?" அவர் குரல் உடைந்துவிட்டது. "இத்தனை வருஷமா அந்த வரிசையை வச்சுத்தான்யா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கேன். ஜனங்க ஏன் காத்திருக்காங்க, எப்படிக் காத்திருக்காங்கன்னு கடைசி அத்தியாயத்துல இருக்கேன். நான் நிம்மதியா எழுதணுமேன்னுதான் ஒருத்தனையும் உள்ளறைக்கு விடறதில்லை. இப்போ வரிசையே இல்லைன்னா எதைப் பார்த்து எழுதுவேன்?"

மேஜை பழைய இடத்துக்குப் போனது. தாழ்ப்பாள் இறங்கியது. முத்திரை வாங்கிப் போனவர்களைக் கூப்பிட்டு மறுபடி நிற்கச் சொன்னார்கள். நீல அட்டைக்காரர்கள் ஆதலால் ஒழுங்காக வந்து நின்றார்கள்.

அன்று சாயங்காலம் சின்னவள் திரையை விலக்கிக்கொண்டு அக்காவின் பக்கம் வந்து உட்கார்ந்தாள். மேஜை எங்கே இருந்தது, மை எங்கே இருந்தது, தாழ்ப்பாளை எப்படித் தூக்கினாள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அக்கா துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏய், நீ இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லையேடி."

"எனக்கு அது வேணும்க்கா."

"எது?"

"அந்த வேலை. ஆபரேஷன்ஸ்."

அக்கா அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் துரு இருந்தது. "அப்போ நாளைக்கே போய்ச் சொல்லு. நான் இருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷத்தில், "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்றும் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

ஆனால் மறுநாள் கல்லூரியைப் பார்வையிட ஒரு மதிப்பீட்டுக் குழு வந்துவிட்டது. குழுத் தலைவர் கேன்டீனுக்குள் நுழைந்தார். நீலத்தைவிட மஞ்சள் அதிகமாகத் தெரிந்தது. "இவங்க எல்லாம் யாரு?" என்று கேட்டார். முடிவெடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால் கல்லூரியின் மதிப்பு என்ன ஆவது? இயக்குநர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அது எங்க புதுத் துறை சார். முடிவெடுக்காதோர் துறை. வேற எந்தக் கல்லூரியிலயும் கிடையாது."

குழுத் தலைவர் அசந்துபோனார். இந்தக் காலத்துக்கு மிகவும் தேவையான துறை என்று பாராட்டி, துவக்க விழாவுக்குத் தானே வருவதாகவும் சொல்லிவிட்டார். இல்லாத துறைக்கு விழா நாள் குறித்தாகிவிட்டதால், அன்று மாலைக்குள் பாடத்திட்டம் தயாரானது. முதல் பருவத்தில் தயக்கம், இரண்டாம் பருவத்தில் மேல்நிலைத் தயக்கம். சேர விரும்புகிறவர்கள் தங்களுக்கு எதிலும் உறுதியில்லை என்பதை உறுதியாக நிரூபிக்க வேண்டும். துறைக்குத் தலைவராகத் தெளிவு மேடம். முதல் மாணவி யார் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் குழப்பமில்லை.

சின்னவளை இயக்குநர் அறைக்கு அழைத்தார்கள். இயக்குநர் பூப்போலப் பேசுகிறவர்.

"வாம்மா. உன் வட்டத்தைப் பார்த்தேன். என்ன ஒரு உருண்டை! சந்தோஷம்."

"சார், நான் முடிவெடுத்துட்டேன். எனக்கு ஆபரேஷன்ஸ் வேணும்."

தெளிவு மேடம் இயக்குநரைப் பார்த்தார்.

"ஏன்?" என்றார் இயக்குநர்.

"வரிசை நகர்ந்தப்போ நல்லா இருந்துது சார்."

"நல்லா இருந்துதா?" அவர் அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இதெல்லாம் ஒரு காரணமாம்மா? வேலை வாய்ப்புன்னு சொல்லு, எதிர்காலம்னு சொல்லு, நாடு முன்னேறணும்னு சொல்லு. பிடிச்சிருக்குன்னு சொன்னா இந்தக் கட்டடத்துல யாருக்குப் புரியும்? எனக்கு இந்த நாற்காலி பிடிச்சா உக்காந்திருக்கேன்?"

"வட்டத்துல மூக்கே இல்லையேம்மா. மூக்கில்லாம எப்படி ஆபரேஷன்ஸ்? தெளிவா?" என்றார் மேடம்.

ஆபரேஷன்ஸ் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் வரிசையைக் கலைத்தவளை நான் சேர்க்க மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். இயக்குநர் போனை வைத்துவிட்டு, மிகவும் வருத்தத்தோடு பேசினார்.

"பாரும்மா, அந்தக் கதவு சாத்தியாச்சு. புதுத் துறையில சேரலைன்னா உன் சீட்டு போயிடும். நான் என்ன பண்ண முடியும்? விதி. சேர்ந்தா ஒரு கஷ்டமும் இல்லை. விழா மேடையில உனக்கு என்ன வேணும்னு நான் கேப்பேன். தெரியலைன்னு சொல்லணும். இத்தனை நாளா சும்மா சொன்னதுதானே, இப்போ மைக்கில சொல்லப் போற. அவ்வளவுதான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வரவேண்டும் என்று நினைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள், அதுவும் வரவில்லை. வெளியே வந்ததும் அப்பா போனில் கூப்பிட்டார். கடையில் பில் போடுகிற பெண் நின்றுவிட்டாளாம். "உன்கிட்ட கேட்டுக்கிட்டுச் சொல்றேன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேம்மா" என்றார். சின்னவள் கண்ணெதிரே அந்தத் தரை ஓடுகளும் பூவும் வந்து நின்றன. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

விழா நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. அக்கா வேலையில் அரை நாள் அனுமதி கேட்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் அட்டைக்காரர்கள் எல்லோருக்கும் புது அட்டை கொடுத்திருந்தார்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்பதால் பச்சை. இயக்குநர் வெகுநேரம் பேசினார்.

"ஊர் உலகத்துல எல்லாரும் தெரிஞ்சவன் பின்னாடி ஓடறாங்க. தெரியாதவனை யாரு கவனிக்கிறாங்க? இந்தக் கல்லூரியை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க என்ன பண்றோம்னு எங்களுக்கே தெரியாம பண்ணிக்கிட்டு வந்திருக்கோம். அந்த அனுபவத்தை இன்னைக்கு ஒரு துறையா மாணவர்களுக்குக் கொடுக்கிறோம்!"

கைதட்டல் எழுந்தது. குழுத் தலைவர் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு சின்னவளை மேடைக்கு அழைத்தார்கள். இயக்குநர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

"சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். தெரியலை என்ற வார்த்தை நாக்கில் தயாராகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொன்னது. ஆனால் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அது உண்மையாக இருந்தது. இன்றைக்குச் சொன்னால் பொய். மேடையில் நின்று பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும், இவ்வளவு நாளும் வராமலிருந்த பயம் வந்துவிட்டது. கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்கு ஆபரேஷன்ஸ் வேணும்" என்றாள் சின்னவள். மைக் அதைச் சுவரெல்லாம் எடுத்துப் போனது. "நல்லாத் தெரியும். அதுதான் வேணும்."

தெளிவு மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. இயக்குநர் மட்டும் கலங்கவில்லை. மைக்கை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா?" என்றார், குரல் தழுதழுக்க. "நேத்து வரைக்கும் தெரியலைன்னு சொன்ன பொண்ணு, இன்னைக்குத் தெரியும்னு சொல்றா! இதைவிடப் பெரிய தடுமாற்றம் இருக்க முடியுமா? எங்க தேர்வு எவ்வளவு சரின்னு இந்தக் குழந்தையே நிரூபிச்சிடுச்சு!"

குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். தெளிவு மேடத்துக்கு உயிர் வந்தது. சின்னவளின் கழுத்தில் யாரோ பச்சை அட்டையை மாட்டினார்கள், யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "இல்ல சார், நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள். "அப்படித்தாம்மா, அப்படியே இரு" என்று இயக்குநர் அவள் தலையைத் தடவினார். அவர்களுக்குக் கேட்கவே கேட்காது என்று புரிந்ததும் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். சத்தம் எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது.

விழா முடிந்து கூட்டம் வாசலுக்குப் போனது. போய், நின்றது. அரங்கத்துக்கு ஒரே வாசல், அதிலும் ஒரு பக்கக் கதவுதான் திறந்திருந்தது. பச்சை அட்டைக்காரர்கள், பேராசிரியர்கள், குழுவினர் எல்லோரும் அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அலமாரிக்கு இரு பக்கமும் உட்காரும் பேராசிரியைகள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆபரேஷன்ஸ் தலைவர் ஓரமாக நின்று கூட்டத்தை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எங்கேயோ அக்காவின் குரல் கேட்டது. "கொஞ்சம் வழி விடுங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு!"

சின்னவள் சுவரோரமாக நடந்தாள். சாத்தியிருந்த கதவருகே போய்க் குனிந்தாள். இந்தத் தாழ்ப்பாளும் துருப்பிடித்துத்தான் இருந்தது. ஆட்டி ஆட்டி மேலே தூக்கினாள். கதவைத் தள்ளியதும் காற்று வந்தது, பின்னாலேயே ஜனங்களும் வந்தார்கள். இயக்குநர் குழுத் தலைவரோடு வெளியேறும்போது, "பாருங்க சார், துறை ஆரம்பிச்சதுமே எல்லாம் எப்படி ஒழுங்கா நடக்குது" என்று சொல்லிக்கொண்டு போனார்.

காவலாளி ஓடி வந்தார்.

"யாரும்மா இதைத் திறந்தது?"

"நான்தான்."

"இது திறக்கக்கூடாத கதவு. யாரு திறக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பச்சை அட்டை அவருக்குப் புதிது, அதற்கு என்ன விதி என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"எந்தத் துறை நீ?"

அந்தக் கட்டடத்தில் அவளிடம் எல்லோரும் கேட்டு முடித்த கேள்வி. சின்னவள் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஆபரேஷன்ஸ்."

"அப்படிச் சொல்லு. அப்போ சரி" என்றார் காவலாளி. ஒரு துறையின் பெயர் கிடைத்துவிட்டதால் அவருக்கு மேலே கேட்க ஒன்றுமில்லை. "எல்லாரும் போனதும் மறக்காம தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போ."

அக்கா வெளியே வந்து அவளருகில் நின்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனால் கிளம்பவில்லை. கடைசி ஆள் போகும் வரை சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் ஒட்டிய துருவைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அக்காவோடு படியிறங்கினாள்.

தாழ்ப்பாளைப் போடவில்லை.